வாழ்த்துப் போஸ்டரில் என் படமும் இருந்தது

1. நூற்றுக்கு நூறு

மயிலாப்பூரில் ஓர் இளைஞர் மையம். அங்குள்ள ஊழியர்களுக்கு, பிள்ளைகளோடு சோஷியல் மீடியாவைப் பத்திரமாகப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பிள்ளைகளுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பாதீர்கள், சொந்த அக்கவுண்டில் சேர்க்காதீர்கள், குரூப்புக்கு இரண்டு பெரியவர்களாவது அட்மினாக இருங்கள். இப்படி நாற்பது ஸ்லைடு. வகுப்பில் பாதிப் பேர் தூங்குவார்கள். மீதிப் பேர் போனை நோண்டுவார்கள். அதையும் பயிற்சி என்றே எடுத்துக்கொள்வேன்.

கடைசியில் ஒரு டெஸ்ட். சாந்தோமிலிருந்து வரும் கேரம் கோச் ஸ்டீபன் நூற்றுக்கு நூறு வாங்கினார். நான் பூரித்துப்போனேன்.

2. கட்டவுட்

அடுத்த வாரமே ஸ்டீபனின் மாணவி ருக்சானா மாவட்டப் போட்டியில் ஜெயித்தாள். ஒன்பதாம் வகுப்புப் பெண். நம் ஊரில் யாராவது ஜெயித்தால் என்ன செய்வோம்? போஸ்டர் அடிப்போம். தெருவில் பேனர் கட்ட அனுமதி இல்லையென்றால் இன்ஸ்டாவில் கட்டுவோம். மையத்தின் பப்ளிக் பக்கத்தில் ஸ்டீபன் கட்டிவிட்டார். நடுவில் கூலிங் கிளாஸோடு அவர். பக்கத்தில் கைகூப்பியபடி நான். கீழே ‘வழிகாட்டி’ என்று பட்டம் வேறு. ஜெயித்தவள் ஓரத்தில், ஒரு சின்ன வட்டத்துக்குள், ஸ்கூல் யூனிபார்மில். ஆனால் எழுத்தில் குறை வைக்கவில்லை. முழுப்பெயர், பள்ளி, தெரு, ‘தினமும் மாலை ஐந்து மணிக்கு நம் மையத்தில் பயிற்சி பெறும் வீராங்கனையே, வருக!’

நாற்பது ஸ்லைடு நடத்திய அம்மணி என்ன செய்தாள்? என் படம் நன்றாக விழுந்திருந்தது. ஹார்ட் போட்டேன்.

3. ஐந்து மணி

இரண்டாம் நாள் அவளையும் கூட்டிக்கொண்டு அவள் அப்பா வந்தார். தையல் கடை வைத்திருக்கும் பாய். மகளின் போனை என் முன்னால் நீட்டினார். முகம் தெரியாத எவனோ எழுதியிருந்தான்: ‘யூனிபார்ம்ல சூப்பரா இருக்க. நாளைக்கு அஞ்சு மணிக்கு சென்டர் வாசல்ல வெயிட் பண்றேன்.’

“இன்னா மேடம் இது? எம்பொண்ணு எங்க கீறா, எப்ப வர்றா, எல்லாத்தியும் ஊருக்கே சொல்லிக்கினு கீறீங்க. இனிமே அவ வர மாட்டா. வெளையாடுனது போதும்.”

“மோட்டிவேஷனுக்குத்தான் பாய்…” என்று ஸ்டீபன் இழுத்தார். நான் முறைத்தேன். முறைக்க எனக்கு என்ன யோக்கியதை என்று அப்புறம்தான் உறைத்தது.

போஸ்டரைத் தூக்கினோம். மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த அக்கவுண்டை ரிப்போர்ட் செய்தோம். சைபர் கிரைமில் புகார் கொடுக்க நானும் கூட வருகிறேன் என்றேன். பாய் தலையாட்டிவிட்டு மகளின் கையைப் பிடித்தார். அடுத்த மாதம் மாநிலப் போட்டி. பயிற்சி நின்றால் அதுவும் போச்சு.

ருக்சானா கையை உதறினாள்.

“போஸ்டர் போட்டது சாரு. ஹார்ட் போட்டது மேடம். மெசேஜ் அனுப்புனது எவனோ. வூட்ல உக்கார்றது மட்டும் நானா? போடறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

ஸ்டீபன்தான் முதலில், “சாரிம்மா, தப்பு எம்மேல” என்றார். நானும் சொன்னேன். பாயிடம் இல்லை, அவளிடம். பிள்ளையைக் கேளுங்கள் என்று என் நாற்பது ஸ்லைடில் ஒரு வரிகூட இல்லை. வெட்கமாக இருந்தது.

பாய் அவளைக் கூட்டிப்போனார். நான்கு நாட்கள் அவள் வரவில்லை. ஸ்டீபன் யாரும் ஆடாத போர்டுக்குப் பவுடர் போட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஐந்தாம் நாள் பாயே கொண்டுவந்து விட்டார்.

“அவ கேட்டது நாயந்தான் மேடம். டைமை மாத்துங்க. மாத்துனதை எங்கியும் போட்டுக்கினு இருக்காதீங்க.”

இப்போது என் வகுப்பில் ஸ்லைடு குறைவு. புதிதாக வருபவர்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான்: பிள்ளையைக் கேளுங்கள், வீட்டிலும் கேளுங்கள், இரண்டு பேரும் சரி என்றாலும் பள்ளி, தெரு, நேரம் போடாதீர்கள். நாம் பெருமைக்குப் போடும் போஸ்டருக்கு வீட்டில் பூட்டப்படுவது நாமில்லை.