கூண்டு ஏற்றுகிறவர்

பாம்பன் துறைமுக அலுவலகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவது என் பெரியவாப்பா பாக்கரின் வேலை. சென்னையிலிருந்து தகவல் வரும். அதில் சொல்லியிருக்கும் எண்ணுக்குரிய கறுப்புக் கூண்டைக் கயிற்றில் கட்டி, கம்பத்தின் உச்சிக்கு இழுப்பார். அது மேலே போய்விட்டால் படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. மற்ற நாட்களில் அலுவலகத்தைப் பெருக்குவார், கூண்டுகளுக்குப் பெயின்ட் அடிப்பார்.

அதனால் ஊரில் அவரைப் பார்த்து யாருக்கும் சந்தோஷம் வருவதில்லை. எங்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன். டீக்கடையில், "வாங்க காக்கா, இன்னைக்கு யாரு வீட்டு அடுப்ப அணைக்கப் போறீங்க?" என்பார்கள். அவரும் சிரித்துவிட்டு, கிளாஸோடு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்வார். பெரியும்மா மவுத்தாகி ஆறு வருடம் ஆகிறது. மகள் லாமியா ஷார்ஜாவில் இருக்கிறாள். வீட்டில் அவர் மட்டும்தான்.

கயிற்றைத் தொடுவதற்கு முன் அவர் ஒளு செய்வார். அலுவலகத்து கிளார்க் குருநாதன் முதுகுளத்தூர்க்காரர், கேலி செய்யாமல் விடமாட்டார்.

"என்ன பாய், கூண்டுக்குமா கை கால் கழுவணும்?"

"தொழுகைய நேரத்துக்குத் தொழணும்ல. இதுவும் நேரத்துக்குச் செய்யிறதுதான்."

போன வருடம் கார்த்திகையில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றச் சொல்லித் தகவல் வந்தது. என் வாப்பா இஃப்திகார், பெரியவாப்பாவின் ஒரே தம்பி, முந்தின நாள் தன் சிறு படகான வல்லத்தில் போய் நண்டு வலை விட்டிருந்தார். பெரியவாப்பா கயிற்றில் கூண்டைக் கட்டுவதைப் பார்த்து அலுவலகத்துக்கு ஓடி வந்தார். பெரியவாப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்குடன் நானும் அங்கே நின்றேன்.

"ஒரு மணி நேரம் காக்கா. வலைய எடுத்துட்டு வந்துர்றேன்."

"உத்தரவு வந்துருச்சுப்பா."

"வந்தது உங்களுக்கும் குருநாதனுக்கும்தான தெரியும்?"

"ஒன்ன விட்டா மத்தவனும் போவான். எல்லாரும் திரும்பி வருவான்னு நான் எப்படிச் சொல்றது?"

சொல்லிக்கொண்டே கயிற்றை இழுத்தார். அந்தப் புயல் வடக்கே திரும்பிவிட்டது. பாம்பனில் மழைகூட இல்லை. நான்காம் நாள் தடை நீங்கி வாப்பா போய்ப் பார்த்தபோது, நீரோட்டம் வலையைப் பாறையில் சுருட்டிக் கிழித்திருந்தது. அன்றிலிருந்து வாப்பா அவரோடு பேசவில்லை. பெருநாள் தொழுகையில் இருவரும் வேறு வேறு வரிசையில் நின்றார்கள். உம்மா மட்டும் வாப்பாவுக்குத் தெரியாமல் என்னிடம் பிரியாணி கொடுத்தனுப்பினாள். அவர் தனியாக உட்கார்ந்து, பாதியைச் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவித் தந்தார்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். ராமநாதபுரத்தில் போட்டித் தேர்வு வகுப்புக்குப் போகிறேன். எந்த வேலை கிடைத்தாலும், நன்றாகச் செய்தாய் என்று யாராவது சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. பெரியவாப்பாவைப் போல, செய்யும் வேலையை அல்லாஹ்வுக்கானது என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த எண்ணத்தில்தான் பெருநாளன்று பாத்திரத்தை வாங்கிக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"புயலே வரலையே பெரியவாப்பா. வலை போனதுதான மிச்சம்?"

"வந்திருந்தா நல்லாருந்திருக்கும்னு நானும் ஒரு நிமிசம் நெனச்சேன் மின்ஹா. இவனுங்க முன்னாடி நான் சொன்னது சரின்னு ஆகியிருக்கும்ல. எத்தனை பேரு வல்லம் கடல்ல கெடக்கும், அதையா கேக்கிறேன்னு அப்புறம்தான் ஒறைச்சுச்சு. அல்லாட்ட மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செஞ்சேன். புயல் போனதுக்கு நன்றியா ரெண்டு ரக்அத் ஷுக்ரும் தொழுதேன்."

"வாப்பா பேசலையேன்னு வருத்தம் இல்லையா?"

"இருக்கு. அதுக்காகக் கூண்ட லேட்டா ஏத்த முடியுமா?"

இந்த வருடம் ஐப்பசியில் மறுபடி மூன்றாம் எண். அவர் ஏற்றி முடித்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன்; வேலிக்கு வெளியே வாப்பா வந்து நின்றார். தோளில் ஈர வலை கிடந்தது.

"எத்தனாம் நம்பரு?"

"மூணு."

"எப்ப எறக்குவாங்க?"

"தெரியல. சொன்னதும் எறக்கிருவேன்."

வாப்பா மேலே பார்த்துவிட்டு நடந்தார். பதினொரு மாதத்தில் அவர்கள் பேசியது இவ்வளவுதான்.

"வாப்பா பேசிட்டாங்களே," என்றேன்.

"கூண்டப் பத்திதான கேட்டான்," என்று சொல்லிவிட்டுப் பெரியவாப்பா தன் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார். சாப்பிடாமல், கடற்கரைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வாப்பா நாலு பேரைக் கூப்பிட்டு வல்லத்தை அலை எட்டாத மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.