மூன்று அடுக்குப் பசை

மூடியிருக்கும் எதையும் திறந்து பார்க்காமல் ஹருயோவால் இருக்க முடியாது. கணவர் செய்கிச்சி இறந்ததும், குடும்ப நீதிமன்றத்தில்தான் பிரிக்க வேண்டும் என்று முத்திரையிட்டிருந்த அவருடைய உயிலைக் கெட்டில் ஆவியில் பிரித்துப் படித்துவிட்டு, சோற்றுப் பசையால் ஒட்டிவைத்தாள்.

நீதிமன்றத்தில் உறையை வெட்டத் திணறினார் நீதிபதி.

"என்னம்மா, மூணு அடுக்குப் பசை?"

சாவுக்கு வந்து வீட்டில் தங்கியிருந்த பிள்ளைகளில், மகன் தெத்சுயா கூரையைப் பார்த்தான். மகள் மிஹோகோ கைப்பையைத் துழாவினாள்.

நீதிபதி படித்தார்: "சொத்து மூவருக்கும் சமம். இந்த உறையை வீட்டிலேயே பிரித்தவர், என் தவிட்டு ஊறுகாய்த் தொட்டியை, அது கெட்டுப்போகாமலிருக்க, தினமும் வெறுங்கையால் கிளற வேண்டும்."

"அம்மா, நீயுமா?" என்றாள் மிஹோகோ.

"முதல் பசையே என்னோடதுதான். இந்தப் புத்தி உங்களுக்கு வேற எங்கேருந்து வரும்? திங்கள், செவ்வாய் நான் கிளறுறேன். மிச்ச நாளை நீங்க பிரிச்சுக்குங்க."