முதுகில் துடுப்பு இல்லாத டால்பின்

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்ட் எதிரே டீ குடிக்கிறேன். இன்னும் ஒரு மணி நேரத்தில் பக்கத்துப் பள்ளியில் சென்னைக் கடல் டால்பின்களைப் பற்றிப் பேசப்போகும் நிபுணர் நான்தான். பெருமை தாங்காமல், நானே எடுத்த படத்தை டீக்கடை அம்மாவிடம் காட்டுகிறேன். சென்னை காசிமேட்டு மீனவர் வீட்டில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவராம்.

"இது டால்பின் இல்லீங்க, கடல்பன்னி. முதுகுல துடுப்பே இல்ல பாருங்க."

"ரெண்டும் ஒரே இடத்துலதானே இருக்குது?"

"ஒரே கடல்தாங்க. இது கரையோரமா கலங்கல் தண்ணியில மேயும். அது கொஞ்சம் வெளியில கூட்டமா போவும். அத்தனை கப்பலுக்கு நடுவுல ரெண்டும் பொழைக்குது."

இந்தப் படத்துக்கு மூன்று வருடமாகக் கைதட்டல் வாங்கிவருகிறேன். வெட்கத்தை விட்டு, "நீங்களே வந்து சொல்லுங்கம்மா" என்கிறேன். கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு வருகிறார்.

வகுப்பில் பிள்ளைகள் கேள்விகளை எல்லாம் அவரிடமே கேட்கிறார்கள். நான் படத்தைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறேன். கடைசியில் ஒரு சிறுமி என்னைப் பார்த்தும் வாய் திறக்கிறாள்.

"சார், கொஞ்சம் நேரா புடிங்க."