ஒரு பந்து பாக்கி

எனக்கு டென்னிஸ் பிடிக்காது. டிவியில் யாராவது அதைப் போட்டால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். அந்தச் சத்தம் தலைவலி தருகிறது என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர்களும் நம்பிவிட்டார்கள்.

என் அப்பா ஏற்காட்டில், வெள்ளக்கடை போகும் வழியில் இருந்த ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். பங்களாவுக்குக் கீழே செம்மண்ணில் ஒரு டென்னிஸ் தரை இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது என்பார்கள். முதலாளிக்கு அந்த ஆட்டத்தில் பைத்தியம். ஒவ்வொரு மே மாதமும் அங்கே போட்டி நடத்துவார். பெரிய ஆட்டக்காரர்கள் யாரும் வந்ததில்லை. பக்கத்து எஸ்டேட் மேனேஜர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், ஒரு பேங்க்காரர், மஞ்சள் பையில் மட்டையைச் செருகிக்கொண்டு மாரமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வரும் காபித் தோட்டக்காரர், இப்படித்தான். பள்ளிக்கூட மேசை மேல் நாற்காலியைப் போட்டு நடுவர் உட்காருவார். தோட்டத்து ஆட்கள் குடும்பத்தோடு மேட்டில் உட்கார்ந்து, யார் பந்தை விட்டாலும் சிரிப்பார்கள். எழுபதுகளில் பாவாடை சட்டை போட்ட சிறுமியாக, போண்டாவுக்காக நானும் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

மண் தரை லேசில் கட்டுப்படாது. காபிப் பழம் எடுத்து முடிந்ததும் அப்பாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மண்ணைச் சலிப்பார், பரப்புவார், தண்ணீர் தெளிப்பார், இரண்டு ஆட்களோடு சேர்ந்து கல் உருளையை இழுப்பார். "ஊட்டு ஓடு ஒழுகுதுங்க. அதையும் உருளை போட்டு இழுக்கலாம்னா சொல்லுங்க" என்பாள் அம்மா. அப்பா சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டுவார்.

அப்பாவும் அந்தப் போட்டியில் ஆடுவார். அவருக்கு ஒரே ஒரு ஆசை. ஜெயித்தவருக்கு முதலாளி கொடுக்கும் வெள்ளிக் கோப்பையை ஒரு தடவையாவது ஜெயித்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பல வருடம் கடைசி ஆட்டம் வரை வந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறார், பெரும்பாலும் அந்த மாரமங்கலத்துக்காரரிடம். "கோப்பை வெக்க இந்த ஊட்டுல எடமில்லீன்னுதான் உங்கப்பா தோக்கறாரு" என்று அம்மா கிண்டல் செய்வாள். ஆனால் அலமாரியின் மேல்தட்டில் எப்போதும் ஒரு இடத்தைக் காலியாகத்தான் விட்டு வைத்திருந்தாள்.

இந்தப் போட்டிக்கு வேறெங்கும் கேள்விப்படாத ஒரு வழக்கம் இருந்தது. மே மாத மழை மத்தியானத்துக்கு மேல் சொல்லாமல் கொள்ளாமல் வரும். நனைந்த தரை காய நாளாகும். அதனால் கடைசி ஆட்டத்தின் நடுவில் மழை பிடித்தால், உருளை வைக்கும் கொட்டகையின் கதவில் யாருக்கு எவ்வளவு என்று சுண்ணாம்பால் எழுதிவிடுவார்கள். அடுத்த மே மாதம் விட்ட இடத்திலிருந்து ஆடுவார்கள். கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கு அது சாதாரணம். முன்பு அப்படி நின்றுபோன ஆட்டங்களை ஒழுங்காக ஆடி முடித்தும் இருக்கிறார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் கல்யாணமாகிச் சேலத்தில் இருந்தேன். கைக்குழந்தையோடு லீவுக்கு வந்திருந்தேன். அந்த வருடமும் கடைசி ஆட்டம் அப்பாவுக்கும் மாரமங்கலத்துக்காரருக்கும்தான். அன்றைக்கு அப்பாவுக்கு எல்லாம் கைகூடி வந்தது. கடைசி செட்டில் ஐந்துக்கு மூன்று என்று முன்னால் இருந்தார். சர்வீஸும் அவருடையது. இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தால் கோப்பை அவருக்கு. ஆட்டத்தைப் பார்க்கவே வராத அம்மாகூட மேட்டில் வந்து நின்றிருந்தாள்.

அப்போது தூறல் விழுந்தது. தரையில் கறுப்புப் புள்ளிகள் பரவின. அப்பா பந்தைக் கையில் வைத்துக்கொண்டு காலடியைப் பார்த்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து மாரமங்கலத்துக்காரர் கூப்பிட்டார்.

"ஏனுங்க ரைட்டர், ஒரு பந்துதானுங்க. போட்டுருங்க, முடிச்சுரலாம்."

"வேண்டாமுங்க. ஈரத்துல ஓடுனா தரை குழிஞ்சு போயிருமுங்க. அடுத்த வருசம் பார்த்துக்கலாம்."

முதலாளியே குடைக்குள்ளிருந்து "ஆடுப்பா, பரவால்ல" என்றார். அப்பா பந்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. மற்றவர்களெல்லாம் பங்களாவுக்கு ஓட, அவர் மட்டும் தார்ப்பாயை இழுத்துத் தரையை மூடிக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு வருடம் அவர் நடையே மாறியிருந்தது. ஒண்டிக்கடை நாற்சந்திப் பக்கம் போனால் டீக்கடையில் யாராவது, "என்னங்க, இன்னும் ஒரு பந்து பாக்கிங்களா?" என்பார்கள். அப்பா வெட்கப்படுவார். தை மாதம் மாரமங்கலத்துக்காரர் வேறு வேலையாக எஸ்டேட்டுக்கு வந்தபோது, வெயில் நன்றாக இருக்கிறதே, இப்போதே போட்டுவிடலாமே என்று யாரோ சொன்னார்களாம். இரண்டு பேருமே ஒத்துக்கொள்ளவில்லை. முதலாளி பார்க்காமல், மேட்டில் ஆள் இல்லாமல் அது என்ன ஆட்டம்?

மாசியில் முதலாளி இறந்துபோனார். பிள்ளைகள் எஸ்டேட்டை விற்றார்கள். வாங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காபி காயவைக்க அவர்களுக்குப் பெரிய களம் வேண்டியிருந்தது. மலையில் வெயில் படுகிற சமதளம் கிடைப்பது குதிரைக்கொம்பு. டென்னிஸ் தரை மேல் சிமெண்ட் போட்டார்கள். ரைட்டர் என்ற முறையில் ஆள் வைத்து வேலையை முடித்துக் கொடுத்தவர் அப்பாதான். கொட்டகையைப் பிரித்தபோது ஆட்டக் கணக்கு எழுதியிருந்த கதவு விறகோடு போனது.

மே மாதம் வழக்கமான நாளில் மாரமங்கலத்துக்காரர் வந்துவிட்டார். அந்தப் போட்டிக்கு யாரும் அழைப்பு அனுப்புவதில்லை, எல்லோரும் தானாக வருவார்கள். மற்றவர்களுக்குச் சேதி தெரிந்திருந்தது, அவருக்குத் தெரியவில்லை. மஞ்சள் பையோடு களத்தின் ஓரத்தில் நின்றார். நான் அன்று அங்கே இருந்தேன்.

"நான் தோத்துட்டன்னு வெச்சுக்கோங்க. நெசமாத்தான் சொல்றனுங்க" என்றார்.

"அதெப்படிங்க? நீங்க அந்தப் பந்தத் திருப்பியடிச்சிருந்தா?" என்றார் அப்பா.

அம்மா டீ கொடுத்தாள். அவர் அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டார்.

அடுத்த காபிப் பருவத்தில் அந்தச் சிமெண்ட் மேல் காபியைக் கிளறிவிடச் சொல்லி அப்பா நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். ஆட்கள் செருப்புக் காலோடு ஏறி நடந்தார்கள். முன்பெல்லாம் செருப்போடு யாராவது கால் வைத்தால் அங்கே என்ன ரகளை நடக்கும். இப்போது அப்பா காபியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிட்டயராகி என்னோடு சேலத்துக்கு வந்தார். சில வருடத்தில் படுத்துவிட்டார். டென்னிஸைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே கோடை மழை பிடித்தது. ஜன்னலைச் சாத்தப் போனேன், வேண்டாம் என்று கைகாட்டினார். முற்றத்து மண் நனைவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு அந்த ஒரு பந்தப் போட்டிருக்கலாம் கண்ணு" என்றார்.

நான் கிண்ணத்தில் கஞ்சியைக் கலக்கினேன்.

"நாலு கால் தடம் விழுந்திருக்கும். மழை விட்டதும் நானே மூடியிருப்பேன்."

நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அவர் முன்னாலேயே அழுதேன்.