மேலே நின்ற மூன்று புள்ளிகள்

வணிகப் புள்ளியியல் கற்பிக்கத் தொடங்கிப் பதினேழு ஆண்டுகள் கழித்துத்தான் முனைவர் பட்ட ஆய்வில் இறங்கினேன். பட்டாசுக்கான காகிதக் குழாய் உருட்டும் பெண்களின் அனுபவமும் உற்பத்தியும் என்பது தலைப்பு. ஏழாயிரம்பண்ணையைச் சுற்றி அறுபது பெண்களிடம் நானே படிவம் நிரப்பினேன். அனுபவம் கூடக்கூட உற்பத்தியும் கூடியது. மூன்று புள்ளிகள் மட்டும் வரைபடத்தின் உச்சியில் தனியாக நின்றன. அவற்றை நீக்கிவிட்டு வெள்ளிக்கிழமை ஆய்வேட்டை ஒப்படைப்பதாக இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில் அதே வரைபடத்தைக் கரும்பலகையில் போட்டேன்.

"ஒரு ஆள் ஒரு நாளில் இவ்வளவு உருட்ட முடியாது. ஆகவே இந்த மூன்றும் பிழை."

இரண்டாம் பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "ஒரு ஆள்னு யாரு சார் சொன்னா?"

"அவர்களே சொன்னார்கள்."

"எங்கம்மாட்ட கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவாக. கம்பெனி கார்டு அம்மா பேர்ல. பேப்பரை வீட்டுக்குக் கொண்டாந்து நாலு பேரும் உருட்டுவோம். நான் உங்க அசைன்மென்ட் எழுதாததுக்கும் அதான் காரணம்."

வகுப்பு சிரித்தது. "அசைன்மென்ட் தனி வழக்கு," என்றேன். சாக்பீஸைக் கீழே வைக்க மறந்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அன்று மாலையே ஏழாயிரம்பண்ணைக்குப் பஸ் ஏறினேன்.

மூன்று புள்ளிகளில் முதல் புள்ளியின் வீட்டு அம்மா வாசலில் பசை கிண்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். மறுபடியும் பாரம் நிரப்பணுமா?"

"ஒரே கேள்விதான். வீட்டில் எத்தனை பேர் உருட்டுறீங்க?"

"அஞ்சு பேரு. அன்னைக்கு டி.வி. இருக்கான்னு கேட்டீக, ஃபேன் இருக்கான்னு கேட்டீக. இதைக் கேக்கலையே."

நாற்பத்திரண்டு கேள்விகளில் அது இல்லை. அவருடைய ஒரு நாள் கணக்கை அங்கேயே ஐந்தால் வகுத்தேன். புள்ளி மற்றவற்றோடு வந்து சேர்ந்தது. மற்ற இரண்டு வீடுகளிலும் அப்படியே. மீதி ஐம்பத்தேழு பேரிடமும் இதைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நெடுநாள் வேலை செய்த பெண்களுக்குப் பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள். ஆண்டுகளோடு கூடியது திறமையாக இல்லாமல், உருட்டும் கைகளின் எண்ணிக்கையாகவே இருக்கலாம். என் முடிவுரை முழுவதும் ஆட்டம் கண்டது.

பஸ் நிறுத்தத்திலிருந்து என் ஆய்வு நெறியாளரை அழைத்தேன்.

"வெள்ளிக்கிழமை தர முடியாது சார். அறுபது வீட்டுக்கும் திரும்பப் போகணும்."

"இதை ஏன்யா இவ்வளவு சந்தோஷமா சொல்றீர்?"

பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. நான் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் இருந்தது. நான்காவது வீடு எதிர்த் தெருவில்தான்.