குத்தாத தலையணை

மரச்சீவலை இரண்டு முறை சலித்த பிறகும் தலையணையக்காவுக்குத் திருப்தி வருவதில்லை. ஒவ்வொரு பிடியாக உள்ளங்கையில் பரப்பி, குத்துகிற சிலாம்பு ஏதாவது இருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். அதன் பிறகுதான் வெள்ளை உறைக்குள் திணிப்பார். சவப்பெட்டிக்குள் வைக்கும் தலையணை அது.

"யாருக்குக்கா குத்தப் போகுது? இதுவரைக்கும் ஒருத்தர்கூட திரும்பி வந்து புகார் சொன்னதில்ல" என்பார் பட்டறை முதலாளி.

"சொல்ற நாள் வரும் முதலாளி. கடைசி நாள்ல எக்காளம் ஊதி எல்லாரும் எந்திரிக்கறப்ப ஒருத்தர் மட்டும் கழுத்தப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சா யாருக்குக் கெட்ட பேரு?"

இதைச் சொல்லும்போது வாயில் நாலைந்து குட்டி ஆணிகள் இருக்கும். பெட்டியின் உட்புறம் துணி அடிக்கிற வேலை அவருடையது. ஒவ்வோர் ஆணியாக உதட்டிலிருந்து எடுத்து அடிப்பதால், பேச்செல்லாம் வாயின் இடது ஓரத்திலிருந்துதான் வரும்.

இறந்தவர்களை அவர் இறந்தவர்கள் என்று சொல்வதில்லை; வேதத்தில் உள்ளபடி தூங்குகிறவர்கள் என்பார். ஒருமுறை தொலைபேசியில், "தூங்குறவங்க எத்தன அடி?" என்று கேட்டார். மறுமுனையில் இருந்தவர், "தூங்கலீங்க, எங்கப்பா செத்துட்டாரு" என்று உடைந்து அழுதுவிட்டார். அக்கா வாயிலிருந்த ஆணிகளை எடுத்து வைத்தார். பிறகு மெதுவாக, "சரிப்பா. செத்தவரு எத்தன அடி?" என்றார். தொலைபேசியை வைத்துவிட்டு என்னிடம், "அந்தப் புள்ளகிட்ட இப்பப் போய் வேதம் பேசக் கூடாது" என்றார்.

நான் பக்கத்து அச்சகத்தில் நினைவு அட்டைகளுக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் பிழை திருத்துகிறேன். பெட்டியின் அளவும் அட்டையின் பெயரும் ஒரே வீட்டிலிருந்து வருவதால், ஒரு நாளில் நாலு தடவையாவது பட்டறைக்குப் போக வேண்டியிருக்கும்.

ரம்பம் நிற்கும் இடைவெளிகளில் அக்கா குடியிருக்கும் பின்கட்டிலிருந்து இருமல் கேட்கும். அக்காவின் கணவர். இருபத்தாறு வருடம் இதே ரம்பத்தை ஓட்டியவர். அந்தத் தூளெல்லாம் நெஞ்சில் இறங்கிவிட்டது. மூன்று வருடமாக அவரால் மல்லாந்து படுக்க முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணையை அடுக்கி, உட்கார்ந்த வாக்கில்தான் கண் மூடுவார். ஒன்று சரிந்தாலும் மூச்சு முட்டி விழித்துவிடுவார்.

அக்காவின் ஜெபமும் அந்த அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது. பிழைக்க வையும் என்று கேட்டது முதல் வருடம். பிறகெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: "ஆண்டவரே, ஒரே ஒரு தடவ அவர மட்டமாப் படுக்க வையும்."

"உன் ஆண்டவருக்கு வேற வேல இல்ல பாரு" என்பார் கணவர், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியபடி. "ஏய், என் பெட்டியிலயும் மூணு வெச்சிடு. அங்க போயும் என்னால முழிச்சிக்கிட்டு உக்கார முடியாது."

"முதல்ல கஞ்சியக் குடிங்க. மூணு என்ன, மெத்தையே போடறேன்."

ஒரு மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அக்கா யாரிடமும் பேசாமல் ஆணி அடிக்க உட்கார்ந்தார். சுத்தியல் விரலில் இறங்கியது. கூரையைப் பார்த்து, "கேட்டுக்கிட்டேதானே இருக்கேன்? காதுல விழுதா உமக்கு?" என்று கத்தினார். பட்டறையே நின்றுவிட்டது. அவர் மன்னிப்பும் கேட்கவில்லை, அழவும் இல்லை. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு சல்லடையை எடுத்தார்.

இன்னுமா ஆண்டவரை நம்புகிறீர்கள் என்று அன்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நான் எங்க பாப்பா பிடிச்சிக்கிட்டு இருக்கேன்? என் கை எப்பவோ விட்டுப் போச்சு. அவருதான் விடாம பிடிச்சிருக்காரு" என்றார்.

போன செவ்வாய் காலை, கஞ்சி ஆறுவதற்குள், உட்கார்ந்தபடியே கணவர் போய்விட்டார்.

முதலாளி தானே பலகை அறுத்தார். "வீட்ல இருங்கக்கா, நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிப் பார்த்தார். அக்கா கேட்கவில்லை. வந்து உட்கார்ந்து துணி அடித்தார். சீவலை மூன்று முறை சலித்தார். மூன்று தலையணை தைத்தார்.

"மூணுக்கும் இடம் வேணும்னு உயரத்த அரை அடி கூட்டியிருக்கேன்கா" என்றார் முதலாளி. 

அக்கா மூன்றையும் தலைமாட்டில் அடுக்கினார்.  பிறகு மேலே இருந்ததை எடுத்து நாற்காலியில் வைத்தார். அடுத்ததையும் எடுத்தார். மிஞ்சிய ஒன்றின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, அது மட்டமாகும்வரை அழுத்திக்கொண்டே இருந்தார்.