டம்ளருக்கு அடியில் சீனப் பட்டு

அம்மாவின் டிரங்குப் பெட்டியின் அடியில், கூறைப் புடவைக்கும் அந்துருண்டைக்கும் நடுவே, ஒரு சாண் சதுரத்தில் அந்தத் துணி கிடந்தது. தேநீர்க் கோப்பைக்கு அடியில் விரிக்கிற சீனப் பட்டு. மாதுளை நிறம், ஓரமெல்லாம் பொன்னிழை, நான்கு மூலையிலும் குஞ்சம், நடுவில் மேகத்தின் மேல் நிற்கும் இரண்டு கொக்குகள். எங்கள் சேரன்மகாதேவி வயலில் நிற்பவற்றுக்குச் சிவப்புக் குல்லா போட்டால் அப்படித்தான் இருக்கும். ஒரு கொக்கின் இறக்கை மேல் வெளிறிய வட்டம் ஒன்று. அதைப் பார்த்ததும் எனக்கு வலது கால் வலித்தது. வலிக்க வேண்டியது காலல்ல என்பது வேறு விஷயம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், நின்றுகொண்டிருந்த ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டேன். ஓடுகிற வண்டியிலிருந்து விழக்கூட எனக்குத் துப்பில்லை என்று அலுவலகமே சிரித்தது. சிரிக்காமல் பார்க்க வந்தவர் எங்கள் தலைமை எழுத்தர் பாய். ஞாயிறுதோறும் மேலப்பாளையத்திலிருந்து இரண்டு பஸ் மாறி எங்கள் வீட்டுக்கு வருவார். படித்த புத்தகங்களை வைத்துக்கொண்டு மதியம்வரை சண்டை போடுவோம். காபி வீடான எங்கள் வீட்டில் தேநீர் என்பது நோயாளிகளும் தொழிற்சங்கக்காரர்களும் குடிக்கிற வஸ்து. பாய்க்காக அம்மா டீத்தூள் வாங்கினாள், இஞ்சி தட்டிப் போட்டாள். விளிம்பு நசுங்கிய ஒரு டம்ளரில் ஊற்றி, முக்காலியில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் வைத்தாள். அவர் போனதும் தாள் குப்பைக்குப் போகும். டம்ளர் கொல்லையில் தனியாகக் கவிழும். அவரைப் போன்றவர்கள் வாய்வைத்த பாத்திரம் எங்கள் சாமானைத் தொடக்கூடாது என்பது வீட்டு ஆசாரம். இஞ்சியும் உண்மை, தாளும் உண்மை. அம்மாவுக்கு இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கவில்லை.

இரண்டாவது ஞாயிறு, நனைந்த தாள் டம்ளரோடு ஒட்டிக்கொண்டு வந்து அவர் வெள்ளைச் சட்டையில் மை தீற்றியது. “ஏன் வே, எதுக்கு இந்தப் பேப்பரு?” என்றார். நான் யோசிக்கக்கூட இல்லை. “ஈட்டி மரம் பாய். சூடு பட்டா வட்டம் விழுந்துரும். அம்மாவுக்கு இந்த முக்காலின்னா உசிரு.” உண்மைக்குத்தான் எனக்கு நாக்கு குழறும், பொய் சரளமாக வரும்.

நம்பிவிட்டார். அடுத்த ஞாயிறு அந்தப் பட்டோடு வந்தார். “மச்சான் ஹாங்காங்குல இருந்து கொண்டாந்தது. ஷோகேஸ்ல சும்மாதான் கெடக்கு. அம்மா முக்காலிக்கு ஆவட்டும்.” அம்மா விரலால் தடவிப் பார்த்து, “அசல் பட்டா?” என்று கேட்டாள். “அசல் சீனப் பட்டும்மா.” அவள் முகம் மலர்ந்தது. அவர் போனபிறகுதான் காரணம் சொன்னாள்: “பட்டுக்குத் தீட்டில்லைடா. அலம்பவே வேண்டாம். மகராஜன், எனக்கு வேலையை மிச்சம் பண்ணிட்டார்.”

அதன்பிறகு பாய் வந்தால் மட்டும் அந்தப் பட்டு வெளியே வரும். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது, என்னைப் பார்க்க வந்த சக ஊழியர்கள் மூலம் தெரிந்தது. “எனக்குன்னா அந்த அம்மா பட்டு விரிக்காவ வே! ஒங்களுக்கு எவன் விரிக்கான்?” என்று ஆபீசில் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாராம். நானும் சேர்ந்து சிரித்தேன். அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு அதன்பின் ஐந்து ஞாயிறுகள் இருந்தன.

அந்த ஐந்தும் போய், ஆறாவது ஞாயிறு எங்கள் அதிகாரியும் வந்துவிட்டார். அவர் எங்கள் ஜாதிக்காரர். அம்மா அவருக்குக் காபியும் பாய்க்கு டீயும் வைத்துவிட்டு உள்ளே திரும்பினாள். மரியாதை தெரிந்த மனிதரான பாய், தன் டம்ளரைத் தூக்கிக்கொண்டு பட்டை இழுத்து, “சாருக்கு வைப்போம்” என்று அதிகாரியின் காபிக்கு அடியில் நகர்த்தினார். அம்மா ஓடிவந்தாள். “ஐயோ, அவருக்கு அது வேண்டாம்!” காபியை எடுத்து வெறும் மரத்தில் வைத்தாள். பட்டைப் பாயின் பக்கம் தள்ளினாள். காபியிலிருந்து ஆவி பறந்தது. ஈட்டி மரத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பாய் அந்த மரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். “சீனாக் கொக்கு பாய், அதிகாரிகளைக் கண்டா பயந்துக்கும்” என்று ஜோக் அடித்தேன். அதிகாரி உடனே சிரித்தார். பாயும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. டீயை மிச்சம் வைக்காமல் குடித்து, டம்ளரைப் பட்டின் மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரமும் வந்தார் என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. அம்மா டீ கொண்டுவந்தபோது, “டாக்டரு டீ குடிக்கக் கூடாதுன்னுட்டாரும்மா” என்றார். அம்மா நிஜமாகவே பதறிப்போய்ச் சுக்குக் கஷாயத்துக்குப் பக்குவம் சொன்னாள். அவரும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

கட்டுப் பிரித்து நான் வேலைக்குப் போன அன்று, பதினோரு மணிக்கு அவர் மேஜையில் டீ இருந்தது. “என்ன பாய், டாக்டர் வேண்டாம்னாரே?” என்றேன். அவர் கோப்பிலிருந்து தலை நிமிரவில்லை. “வீட்டுக்குள்ளதான் குடிக்கக் கூடாதுன்னாரு வே.”

ஓய்வு பெறும்வரை என்னோடு பிரியமாகவே பேசினார். வீட்டுக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. இரண்டு பஸ் எந்தப் பக்கத்திலிருந்தும் இரண்டு பஸ்தான். நான் ஒருமுறைகூட ஏறவில்லை.

அம்மா போய்விட்டாள். எனக்கும் இப்போது வயிறு காபியைத் தள்ளுகிறது, டீதான். போன வாரம் மகள் அந்தப் பட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து மேஜையில் விரித்து, என் டம்ளரை அதன்மேல் வைத்தாள். “எவ்வளவு அழகா இருக்கு, யாருப்பா குடுத்தா?”

“கூட வேலை பார்த்தவர்.”

“அப்போல்லாம் நம்மாத்துக்கு வருவாரா?”

“வருவார். ஞாயித்துக்கிழமை.”

“பாட்டி காபி குடுப்பாளா?”

“டீ குடிப்பார்... இல்லை, டாக்டர் வேண்டாம்னுட்டார்.”

அவள் என் டம்ளரைத் தூக்கி, இறக்கை மேலிருந்த வெளிறிய தடத்தை விரலால் சுற்றினாள். “அப்போ இந்த வட்டம் யாரோடது?”

எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பவன் என்று பெயர் வாங்கியவன் நான். அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கி, அந்த வட்டம் மறைகிற மாதிரி வைத்தேன்.